பத்து மீட்டரா, பதினான்கு மீட்டரா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் டிசம்பரோடு அறுவடை முடிந்துவிடும். ஜனவரியில் வயல்களில் மிஞ்சியிருப்பது அறுத்த தாளும் 40 டிகிரி வெயிலும்தான். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அந்த நாட்களில் ஒரு தொழில் சூடுபிடிக்கிறது. பெர்த் நகருக்கு வடக்கே லான்சலின், ஜூரியன் பே, டொங்காரா போன்ற கடலோர ஊர்களின் மணற்குன்றுகளிலிருந்து வெளிறிய மணலை ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று டிரெய்லர்கள் கோத்த ராட்சத லாரிகள் உள்நாட்டுக்கு வருகின்றன. தானியத்தைத் துறைமுகத்தில் இறக்கிய லாரி, திரும்பும்போது காலியாக வராமல் இந்த மணலை ஏற்றி வருவதும் உண்டு. வாடகையில் கொஞ்சம் மிச்சமாகும். வயலோரம் குவித்துக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடும்.

மணல் என்று சொல்கிறோமே தவிர, அதில் பெரும்பகுதி கடலுயிர்களின் ஓடுகள் நொறுங்கிய துகள். வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற சுட்ட சுண்ணாம்பு வேறு; இது சுடாத சுண்ணாம்பு, கையில் அள்ளினாலும் எரியாது. இந்தக் குவியலை வயல் முழுக்கச் சீராகப் பரப்ப வேண்டும். ஹெக்டேருக்கு 2 டன் என்றால் 1,000 ஹெக்டேருக்கு 2,000 டன். ஒவ்வொரு பண்ணையும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் விரிந்து கிடக்கிற நாட்டில், இதற்கென்றே சொந்த எந்திரம் வைத்துக்கொண்டு கூலிக்குத் தூவிக் கொடுக்கும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். கோடையில் சுண்ணாம்பும் ஜிப்சமும், ஏப்ரல் விதைப்புக்கு முன் பொட்டாஷும் சூப்பர் பாஸ்பேட்டும், பயிர் எழுந்தபின் யூரியாவும் என்று அவர்களுக்கு வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் வேலை ஓடும்.

லாரியும் லோடரும் டிரைவரும் இருந்தால் போதும், இதில் என்ன விஞ்ஞானம் என்று தோன்றலாம். டன் கணக்கைப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் விவசாயி காசு கொடுத்து வாங்குவது சீரான பரவலை. அது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. சொன்ன அளவு சுண்ணாம்பு தீர்ந்திருக்கும், சொன்ன பரப்பும் முடிந்திருக்கும். சராசரி கச்சிதமாக இருக்கும். இருந்தும் வயலில் ஒரு பட்டைக்கு இரட்டைப் பங்கும் அடுத்த பட்டைக்கு அரைப் பங்கும் விழுந்திருக்கக்கூடும்.

சுண்ணாம்பு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த வட்டாரத்து மண் மிகப் பழையது, பெரும்பாலும் மணற்பாங்கானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் என்ற கோஷத்தோடு காட்டை அழித்து நிலமாக்கினார்கள். சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டு, தழைச்சத்துக்குக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியை வளர்த்து, ஊட்டமே இல்லாத மண்ணில் கோதுமை விளைவித்தார்கள். பின்னால் யூரியாவும் அம்மோனியம் உரங்களும் வந்தன. விளைச்சல் ஏறியது. கூடவே மண் மெல்ல மெல்லப் புளித்துக்கொண்டு வந்தது.

புளிப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தானியத்தோடு மண்ணின் காரத்தன்மையும் வண்டியேறிப் போய்விடுகிறது. ஒரு டன் கோதுமை வெளியே போனால் அதை ஈடுகட்டச் சுமார் 9 கிலோ சுண்ணாம்பு வேண்டும். இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு நைட்ரஜனில் இருக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. அந்த நைட்ரேட்டை வேர் உறிஞ்சிக்கொண்டால், வேர் காரத்தை வெளிவிட்டு அதில் ஒரு பங்கைச் சரிக்கட்டிவிடும். மழை முந்திக்கொண்டு நைட்ரேட்டை ஆழத்துக்கு அடித்துக்கொண்டு போனால் அமிலம் மட்டும் மேலே தங்கிவிடும். மணல் மண்ணில் மழைதான் பெரும்பாலும் முந்துகிறது.

எவ்வளவு அமிலம் என்பதைப் பள்ளிக்கூட வேதியியலிலேயே போட்டுப் பார்க்கலாம். யூரியா வழியாக வந்த 14 கிராம் நைட்ரஜன் இப்படிக் கரைந்தோடினால் ஒரு மோல் அமிலம் மிஞ்சும். அதை முறிக்க 50 கிராம் கால்சியம் கார்பனேட் தேவை. ஆக, ஒரு கிலோ நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 3.6 கிலோ சுண்ணாம்பு. அம்மோனியம் சல்பேட்டாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஹெக்டேருக்கு இரண்டரை டன் கோதுமை எடுத்து, அதில் 20 கிலோ யூரியா நைட்ரஜன் வீணாகக் கரைந்தோடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் சுண்ணாம்புக் கடன் ஏறும். இருபது வருடம் கவனிக்காமல் விட்டால் கடன் கிட்டத்தட்ட 2 டன். காண்ட்ராக்டரிடம் விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் அளவும் அதுவாகவே இருப்பது தற்செயல் அல்ல.

கடன் ஏறிய மண்ணில் பயிரைக் கொல்வது அமிலம் நேரடியாக அல்ல, அலுமினியம். பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கானுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் தனிமம் அது. சாதாரண மண்ணில் களிமண் தாதுக்களுக்குள் பூட்டிக் கிடக்கும். கால்சியம் குளோரைடு கரைசலில் அளக்கிற பிஎச் 4.8-க்குக் கீழே இறங்கினால் பூட்டு தளர்ந்து அலுமினியம் மண்நீரில் கரையத் தொடங்கும். வேர்நுனி அதைத் தொட்டதும் நீள்வதை நிறுத்திவிடும். குட்டையாகத் தடித்துப் போகும். மேல் பத்து சென்டிமீட்டரில் மண் சுமாராக இருந்து, அதற்குக் கீழே அமில அடுக்கு இருந்தால் இன்னும் மோசம். செப்டம்பரில் மழை நின்று கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் பயிர் வாடும். தோண்டிப் பார்த்தால் முக்கால் மீட்டருக்குக் கீழே ஈரம் இருக்கும். வேர் அங்கே இறங்கியிருக்காது. வறட்சி என்று எழுதிவைத்துவிட்டுப் போன பல வயல்களின் உண்மையான நோய் அலுமினியம்தான்.

மாநிலத்தின் முதன்மைத் தொழில்கள் மற்றும் வட்டார மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் இலக்கு, மேல்மண்ணுக்கு 5.5, அடிமண்ணுக்கு 4.8. கோதுமை வட்டாரத்தில் எடுத்த மாதிரிகளில் மேல்மண்ணில் 70 சதவீதத்துக்கு மேலும், அடிமண்ணில் ஏறத்தாழப் பாதியும் அந்த இலக்குக்குக் கீழே இருந்தன. மேல்மண்ணுக்கு ஏன் தேவைக்கு மேல் 5.5 என்று கேட்கலாம். சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும். போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேல்மண்ணின் அமிலத்தை முழுக்க முறித்து மிஞ்சினால்தான் மிச்சம் கீழே கசியும். அதுவும் வருடக் கணக்கில்.

இங்கேதான் ஒரு வினோதமான சிக்கல். மண்ணரிப்பைத் தடுக்கவும் ஈரத்தைக் காக்கவும் இந்த வட்டார விவசாயிகளில் பெரும்பாலோர் உழாமல் விதைக்கும் முறைக்கு மாறிவிட்டார்கள். நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் உழவே இல்லாத வயலில் தூவிய சுண்ணாம்பு மேல் சில சென்டிமீட்டரிலேயே கிடக்கும். 20 சென்டிமீட்டர் ஆழத்து அமிலம் அப்படியே இருக்கும். அதனால் பல வருடத்துக்கு ஒருமுறை ஆழக்கலப்பையோ, மண்ணைக் கிளறிப் புதைக்கும் எந்திரமோ கொண்டுவந்து சுண்ணாம்பைக் கீழே இறக்குகிறார்கள். அப்படி இறக்கப்போகிற வயல் என்றால், காண்ட்ராக்டர் அதற்கு முன்பே தூவி முடித்திருக்க வேண்டும். கிளறிய பூமியில் லாரி ஏறினால் அச்சுவரை இறங்கிவிடும்.

இனி எந்திரத்துக்கு வருவோம். லாரியின் முதுகிலோ டிராக்டரின் பின்னாலோ ஒரு பெரிய தொட்டி. அதன் அடியில் நகரும் பட்டையோ சங்கிலியோ பொருளைப் பின்பக்கம் இழுத்து வரும். ஒரு கதவின் உயரம் எவ்வளவு விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். விழுவது, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு தட்டுகளின் மேல். தட்டில் பதித்த தகடுகள் அதை இரண்டு பக்கமும் வீசி எறியும். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் விளிம்பின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான உருண்டைகளை வீசுவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எவ்வளவு வேகமாக வீசினாலும் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காற்றுதான் முடிவுசெய்யும். துகளின் விட்டமும் அடர்த்தியும் குறையக் குறையக் காற்று அதைச் சீக்கிரம் மடக்கிவிடும். 3 மில்லிமீட்டர் யூரியா உருண்டை ஒன்று, வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழப்பதற்குள் சுமார் 10 மீட்டர் போய்விடும். 0.3 மில்லிமீட்டர் சுண்ணாம்பு மணல்துகள் தனியாகப் போனால் அதே இழப்பு 2 மீட்டருக்குள் நேர்ந்துவிடும். கட்டிகட்டியாக, கூட்டமாகப் பாய்வதால் அது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான் யூரியாவை 36 மீட்டர் இடைவெளியில் ஓட்டித் தூவும் அதே எந்திரம், சுண்ணாம்புக்கு எட்டு பத்து மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து ஒரே நடையில் தூவச் சொல்லும் விவசாயியிடம் காண்ட்ராக்டர் தயங்குவதும் இதனால்தான். தொட்டியில் கலந்திருப்பது காற்றில் பிரிந்துவிடும். பெரிய உருண்டை ஒரு இடத்திலும் சிறியது வேறு இடத்திலும் இறங்கும்.

தூரம் போனால் மட்டும் போதாது. சுழலும் தட்டு எங்கும் ஒரே அளவாகத் தூவாது. வண்டிக்குப் பின்னால் நிறையவும், பக்கவாட்டில் போகப் போகக் குறைந்தும் விழும். அதை நிரப்புவது அடுத்த நடை. ஒரு நடையின் மெலிந்த ஓரமும் அடுத்த நடையின் மெலிந்த ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சமமாக வேண்டும். ஆக, இந்தத் தொழிலின் உயிர்நாடி, இரண்டு நடைகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் விடுவது என்ற ஒரே ஒரு எண்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் செய்யும் சோதனை பார்க்க மிக எளிமையானது. காற்றில்லாத காலை நேரத்தில், மட்டமான தரையில், வண்டி போகும் பாதைக்குக் குறுக்கே அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் தட்டுகளை வரிசையாக வைப்பார்கள். விழுந்த உருண்டை துள்ளி வெளியே போகாதபடி ஒவ்வொரு தட்டுக்குள்ளும் சிறு சிறு கட்டங்களாகத் தடுப்பு இருக்கும். சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் தட்டு இராது. வண்டி வழக்கமான வேகத்தில், வழக்கமான அளவைத் தூவிக்கொண்டு ஒருமுறை கடந்து போகும். பிறகு ஒவ்வொரு தட்டில் விழுந்ததையும் தனித்தனியாக எடை போட்டு வரிசையாக எழுதினால், அந்த எந்திரத்தின் ஜாதகம் கையில் இருக்கும்.

வலது பக்கத்தைவிட இடது பக்கம் அதிகமா? ஒரு தகடு தேய்ந்திருக்கும். நடுவில் குவிந்து ஓரம் வெறுமையா? பொருள் சுழலும் தட்டில் விழும் இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். விழும் இடம் மாறினால் தகட்டிலிருந்து கழன்று பறக்கும் கோணமும் மாறும். நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு என்றாலும் அதே மருந்துதான், எதிர்த்திசையில்.

இப்போது ஒரு எந்திரம் சரியாக முக்கோண வடிவில் தூவுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு நேர் பின்னால் 10 பங்கு. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பங்கு குறைந்து, பத்தாவது மீட்டரில் பூஜ்யம். பத்து மீட்டர் இடைவெளியில் நடை ஓட்டினால் என்ன ஆகும்? மூன்றாவது மீட்டரில் இந்த நடையிலிருந்து 7, அடுத்த நடையிலிருந்து 3, கூட்டினால் 10. ஐந்தாவது மீட்டரில் 5-ம் 5-ம் 10. எங்கே நின்றாலும் பத்துதான். வயல் முழுக்க ஒரே சீர்.

அதே எந்திரத்தை 14 மீட்டர் இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள். வண்டித் தடத்தில் 10 பங்கு விழும். நான்காவது மீட்டருக்கு வரும்போது அது 6 ஆகிவிடும். அடுத்த நடையின் வீச்சு அங்கே எட்டவில்லை. அதற்கப்புறம் இரண்டு நடைகளும் சேர்ந்தே நடுப்பகுதி முழுக்க 6 பங்குதான். கதவைக் கொஞ்சம் உயர்த்தி ஹெக்டேருக்கான மொத்த அளவைச் சரிசெய்துவிடலாம். சராசரி மறுபடியும் கச்சிதமாக இருக்கும். ஆனால் வரிவரியாகக் கூடுதலும் குறைவும் மாறி மாறி நிற்கும். சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சதவீதமாகச் சொல்லும் மாறுபாட்டுக் கெழு, பத்து மீட்டரில் பூஜ்யமாக இருந்தது, இங்கே 18 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஆஸ்திரேலியாவின் உரச் சேவைச் சங்கம் நடத்தும் அக்யூஸ்பிரெட் என்ற சான்றளிப்புத் திட்டம், உரத்துக்கு 15 சதவீதம், சுண்ணாம்புக்கும் ஜிப்சத்துக்கும் 25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் ஸ்பிரெட்மார்க் என்று இதற்கு ஒரு அண்ணன் உண்டு. சான்றிதழ் எந்திரத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த எந்திரம், இந்தப் பொருளை, இத்தனை மீட்டர் இடைவெளிவரை சீராகத் தூவும் என்று பொருளுக்குப் பொருள் தனியாக எழுதியிருக்கும். மேலே சொன்ன 14 மீட்டர் ஓட்டம் யூரியா என்றால் தோற்றது; சுண்ணாம்பு என்றால் தேறியது.

சுண்ணாம்புக்கு ஏன் இந்தச் சலுகை? பயிர் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. அடுத்தடுத்த உழவும் விதைப்பும் ஓரளவு கலக்கிவிடும். சில வருடம் கழித்து மறுபடி தூவும்போது தடம் மாறினால் போன தடவை விடுபட்டது இந்தத் தடவை நிரம்பும். நியாயமான வாதம்தான், பழைய காலத்துக்கு. இன்று பல பண்ணைகளில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் டிராக்டர், அறுவடை எந்திரம், தூவும் எந்திரம் எல்லாமே இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் வருடா வருடம் அதே தடத்தில் ஓடுகின்றன. மண் இறுகுவது தடத்தோடு நிற்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவற்றில் பலவற்றில் தட இடைவெளி 12 மீட்டர். ஒன்பது மீட்டருக்கு மேல் சீராகப் போகாத சுண்ணாம்பை அந்த 12 மீட்டர் தடத்திலேயே தூவினால், இரண்டு தடங்களுக்கு நடுவில் இருக்கும் பட்டைக்கு இந்த முறையும் குறைவு, அடுத்த முறையும் குறைவு. துல்லியம் பிழையை அழிக்கவில்லை. அதே இடத்தில் அடுக்கடுக்காகச் சேர்த்து வைக்கிறது. தீர்வு சிக்கலானதல்ல. அடுத்த முறை தடத்தை விட்டுப் பாதி தூரம் தள்ளி ஓட்டினால் போதும். கோடையில் காய்ந்து இறுகிய மண் அதைத் தாங்கும்.

காண்ட்ராக்டர் அப்படிச் செய்வாரா என்பது பணக் கணக்கைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், 10 மீட்டர் இடைவெளியில் தூவினால் மணிக்கு 20 ஹெக்டேர். 14 மீட்டர் என்றால் 28. கூலி ஹெக்டேர் கணக்கில் என்றால், இடைவெளியை நாலு மீட்டர் கூட்டியதிலேயே தூவும் நேரத்துக்கான வருமானம் 40 சதவீதம் ஏறிவிடும். விவசாயிக்குக் கண்ணால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. யூரியாவில்கூட, மாறுபாடு 30, 40 சதவீதத்தைத் தாண்டினால்தான் பயிரில் பச்சையும் வெளிறலுமாகப் பட்டை தெரியும். அதற்குள் விளைச்சல் போயிருக்கும். சுண்ணாம்பில் எதுவும் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும். நேர்மையான காண்ட்ராக்டர் பத்து மீட்டருக்கு ஒரு விலை, பதினான்கு மீட்டருக்கு ஒரு விலை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். குறைந்த விலை கேட்பவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இடைவெளி ஒன்றில்தான் லாபம் என்பதும் சரியல்ல. ஹெக்டேருக்கு 2 டன், 10 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 667 கிலோ சுண்ணாம்பு வெளியே போகும். பத்து டன் தொட்டி கால்மணி நேரத்தில் காலி. குவியல் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 12 நிமிடம். கிட்டத்தட்டத் தூவிய நேரம் அளவுக்குச் சும்மா ஓடிய நேரம்! ஆகவே, லாரிக்காரரிடம் குவியலை எங்கே கொட்டச் சொல்வது என்பதே பாதி தொழில். வயலுக்கு நடுவே கொட்டினால் ஓட்டம் மிச்சம். ஆனால் லோடர் எவ்வளவு சுரண்டினாலும் அந்த இடத்தில் சுண்ணாம்பு தங்கிவிடும். பிஎச் எக்கச்சக்கமாக ஏறி, மாங்கனீசும் துத்தநாகமும் பயிருக்குக் கிட்டாமல் போகும். வருடக்கணக்கில் அந்த வட்டம் மட்டும் சோகையாக நிற்கும். அனுபவசாலிகள் வாசலோரம் ஒரே இடத்தைக் குவியலுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

வேலையை நிறுத்தும் காரணங்களும் உண்டு. வெயிலும் காற்றும் கூடிய நாட்களில் உள்ளாட்சி அமைப்பு தடை போட்டுவிடும். தாள் நிற்கும் வயலில் எந்த வண்டியும் ஓடக்கூடாது. சூடான புகைக்குழாயில் ஒரு தாள் சிக்கினால் பண்ணையே எரியும். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் நைசான சுண்ணாம்பு பக்கத்துக்காரர் நிலத்துக்குப் போய்விடும். இலவசமாகக் கிடைத்தது என்று அவர் நன்றி சொல்லப் போவதில்லை. ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் வண்டியை அடியிலிருந்து ஊதிக் கழுவ வேண்டும். களைக்கொல்லிக்குச் சாகாத ரைகிராஸ் இந்த வட்டாரத்தின் தலைவலி. அதன் விதை சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்தால் காண்ட்ராக்டரின் பெயர் கெட்டது. யூரியா தூவிய நாளில் கழுவாமல் விட்டால் தொட்டியையே உரம் தின்றுவிடும்.

சுண்ணாம்பின் தரம் இன்னொரு கதை. நூற்றுக்கு 90 பங்கு அமிலத்தை முறிக்கும் சக்தி உள்ளது ஒரு குழியில் கிடைக்கும். 60 பங்கே உள்ளது பண்ணைக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். முதல் வகையில் 2 டன் செய்யும் வேலைக்கு இரண்டாவது வகையில் 3 டன் வேண்டும். லாரி வாடகையும் தூவு கூலியும் அந்த மூன்றாவது டன்னுக்கும் உண்டு. துகள் பருமனாக இருந்தால் சக்தி இருந்தும் பயனில்லை; அது கரைய ஒரு தலைமுறை ஆகும். குழியில் டன் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஜிப்சம் தூவச் சொல்லி அழைப்பு வந்தால் மண் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சோடியம் மிகுந்து, மழை பெய்ததும் குழைந்து, காய்ந்ததும் ஓடாக இறுகும் களிமண்ணுக்கு அது மருந்து. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம்மூரில் களர் நிலத்துக்குப் போடுவதும் இதற்காகத்தான். அமில மண்ணின் பிஎச்சை ஜிப்சம் ஏற்றாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் உப்பேரிகளின் கரையில் அது குவிந்து கிடக்கிறது, மலிவும்கூட. மலிவு என்பதற்காகச் சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சம் போட்டவருக்குச் செலவுதான் மிச்சம்.

இப்போது மண் வரைபடத்தின்படி இடத்துக்கு இடம் அளவை மாற்றித் தூவும் எந்திரங்கள் வந்துவிட்டன. கட்டம் கட்டமாக மண் எடுத்துப் பார்த்தால், ஒரே வயலில் ஒரு மூலைக்கு 3 டன்னும் இன்னொரு மூலைக்கு ஒன்றுமே தேவையில்லாமலும் இருப்பது சகஜம். தொட்டியின் அடியிலுள்ள எடைமானி ஓடும்போதே கணக்கு வைத்து, எங்கே எவ்வளவு போனது என்ற வரைபடத்தை வேலை முடிந்ததும் கொடுத்துவிடும். அழகான வண்ணப் படம். ஆனால் அந்தப் படம் சொல்வது வண்டியிலிருந்து எவ்வளவு வெளியே போனது என்பதை மட்டும்தான். இரண்டு பக்கமும் அது எப்படி விழுந்தது என்பதை அல்ல. தட்டு வைத்துப் பார்க்காத எந்திரத்தின் வண்ணப் படத்தை நான் பாதிதான் நம்புவேன்.

தூவி மூன்று நான்கு வருடம் கழித்து மறுபடி மண் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. மேலிருந்து பத்து, இருபது, முப்பது சென்டிமீட்டர் என்று அடுக்கடுக்காக. கண்ட இடத்தில் எடுத்துக் கலக்காமல், வண்டித் தடத்திலிருந்து ஒரு தொகுதியும் இரண்டு தடங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தொகுதியும் தனித்தனிப் பையில் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு போட்ட இடத்தை விட்டு நகராத பொருள். காண்ட்ராக்டர் எத்தனை மீட்டரில் ஓட்டினார் என்பது பரிசோதனைச் சாலையின் அறிக்கையில் இரண்டு பிஎச் எண்களாக வந்துவிடும்.